டி5 போடுவதா, டிடிசி போடுவதா, இல்லை இரண்டு பம்பா? ரெண்டரில் 88 டிகிரி தொடுகிறது (திருநகர்)

திருநகர்எடிட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கத்திரி வெயில் ஆரம்பித்ததிலிருந்து மெஷின் படுத்துகிறது. வைகாசி முகூர்த்த வேலை வரிசையாக வந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் அவசரம்.

ப்ராசஸர் ரைசன் 9 5950எக்ஸ், ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டு) ஆர்டிஎக்ஸ் 3080. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாட்டர் லூப் (தண்ணீர் சுற்றி வந்து சூட்டை எடுத்துப் போகும் அமைப்பு), மூன்று வருடம் முன்பு நானே கட்டியது. மேலே 360 மி.மீ. ரேடியேட்டர், முன்னால் 240. பம்பு மட்டும் அப்போது பணம் பற்றாமல் ஆன்லைனில் வாங்கிய மலிவுச் சரக்கு. டப்பாவில் "மணிக்கு 800 லிட்டர், ஹெட் 5 மீட்டர்" என்று போட்டிருந்தான். (ஹெட் என்றால் தண்ணீரைத் தள்ளும் உயரம்.)

ஏசி இல்லாத அறை, பகலில் 35 டிகிரி. நாலு மணி நேரம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடினால் ப்ராசஸர் 88 போகிறது. 90-ஐத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போன வருடம் இதே வெயிலில் 77, 78-க்கு மேல் போனதில்லை. ஜிபியூ 64.

பம்பு வீக்காகிவிட்டது என்று நினைக்கிறேன். வாட்டர் லூப்புக்கென்று விற்கும் பம்பு வகைகளில் டி5 வாங்கலாமா, டிடிசி வாங்கலாமா? இரண்டு பம்பு போடச் சொல்கிறார் ஒரு நண்பர். பட்ஜெட் 12,000 ரூபாய், இழுத்துப் பிடித்தால் 15,000.

உசிலை_ஓவர்கிளாக்:

யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. இரண்டு டி5, சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) மாட்டுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ரெண்டர் ஓடும்போது பம்பு நின்றால் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டாவது பம்பைச் செகண்ட் ஹேண்டில் பிடியுங்கள்.

சத்தம்வேண்டாம்:

பம்பு வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள். தண்ணீரின் சூடு எவ்வளவு? சென்சார் இருக்கிறதா? பம்பு எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது? ரேடியேட்டரில் தூசி தட்டியது கடைசியாக எப்போது? தண்ணீர் மாற்றியது எப்போது, என்ன தண்ணீர்?

கேள்விக்குப் பதில் என்று கேட்டால், பொதுவாக டி5 என்பேன். லாயிங் என்ற ஜெர்மன் கம்பெனியின் வடிவமைப்பு அது. 2009-ல் அந்தக் கம்பெனியை ஐடிடி வாங்கியது, 2011-ல் ஐடிடியிலிருந்து பிரிந்த சைலம் கையில் இப்போது இருக்கிறது. கடையில் பத்து பிராண்டு பெயரில் டி5 தொங்கும். ஒரிஜினலாக இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே பம்புதான். மேலே மாட்டும் டாப், தொட்டி, விளக்கு இவற்றுக்குத்தான் விலை வித்தியாசம். அதனால் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

டிடிசியும் அதே வீட்டுப் பிள்ளைதான். உருவம் சின்னது, அழுத்தம் அதிகம். 18 வாட் டிடிசி ஒரு டி5-ஐவிடக் கூடுதலாகவே தள்ளும். ஆனால் அதன் எலக்ட்ரானிக்ஸ் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சூடு காற்று வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஹீட்சிங்க் அடித்தட்டு இல்லாமல் நம் ஊர் மே மாதத்தில் அதை ஓட்ட எனக்கு மனசு வராது. டி5 தன் சூட்டைப் பெரும்பாலும் தண்ணீருக்கே கொடுத்துவிடும். சத்தமும் குறைவு. கேஸில் இடமே இல்லை என்றால் மட்டும் டிடிசி.

திருநகர்எடிட்டர்:

சென்சார் இருக்கிறது. ரெண்டரில் தண்ணீர் 45. ஆர்பிஎம் ஒயர் அந்தப் பம்பில் கிடையாது, வெறும் இரண்டு ஒயர்தான். ரேடியேட்டரைப் போன வாரம் புளோயர் வைத்து ஊதினேன், சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் முழுசாக மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, இடையில் குறையக் குறைய ஊற்றி வந்தேன். (என்ன தண்ணீர் என்று கேட்காதீர்கள்.)

மேலூர்மோட்டார்:

தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மகன் வீட்டில் இதே மாதிரி ஒன்று கட்டினான், நான் பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் 26 வருடமாக மேலூர் வட்டாரத்தில் போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றுகிறேன். பம்பு சின்னதோ பெரிதோ, குணம் ஒன்றுதான்.

டப்பாவில் போட்டிருக்கும் 800 லிட்டர் என்பது பம்பு வாயில் ஒன்றுமே மாட்டாமல் வாளியில் ஊற்றினால் வருவது. 5 மீட்டர் என்பது தண்ணீர் ஒரு சொட்டும் நகராமல் நிற்கும்போது உள்ள அழுத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எங்களிடம் வரும் விவசாயிகளும் இதில்தான் ஏமாறுகிறார்கள். டுல்லு பம்பு டப்பாவில் போட்ட லிட்டரைப் பார்த்து வாங்கிக்கொண்டு போய், மூணாவது மாடித் தொட்டிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, நூல் மாதிரி வருகிறது என்று திரும்ப வருவார்கள். வாங்கும்போது கேட்க வேண்டியது, இத்தனை ஹெட்டில் எத்தனை லிட்டர் தரும் என்ற கேள்வி. நல்ல கம்பெனி அதைக் கோடாகவே வரைந்து கொடுப்பான். கோடு கொடுக்காதவன் பம்பை நான் கையில் எடுக்கமாட்டேன்.

புதுசு வாங்குவதற்கு முன்னால் இருக்கிற பம்பைச் சோதித்துவிடு. காசு செலவில்லை.

ஒன்று, மாடிப்படிச் சோதனை. பம்பையும் தொட்டியையும் கழற்றி எடுத்துக் கீழே தரையில் வை. வெளியேறும் வாயில் ஒரே ஒரு நீள டியூப் மாட்டு, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை டியூப். ஓட விட்டு, டியூப் நுனியைத் தூக்கிக்கொண்டு படி ஏறு. ஒரு உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறாமல் நின்றுவிடும். தொட்டித் தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த இடம் வரை டேப் வைத்து அள. அதுதான் உன் பம்பின் நிஜ ஹெட். டியூப் நிறைய நிறையத் தொட்டியில் தண்ணீர் இறங்கும், கூட ஒரு ஆள் நின்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஓடவிட்டால் பம்பு செத்துவிடும், தண்ணீர்தான் அதற்கு எண்ணெய்.

இரண்டு, குவளைச் சோதனை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, தொட்டிக்குத் திரும்பி வரும் டியூப்பை மட்டும் பிடுங்கி, அளவுக் குவளையில் விடு. டியூப் நுனி தொட்டித் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கட்டும், தாழ்த்தினால் கணக்குக் கூடுதலாகக் காட்டும். அரை லிட்டர் நிறைய எத்தனை நொடி என்று பார். இங்கேயும் தொட்டியில் ஊற்ற ஒரு ஆள் வேண்டும்.

உசிலை_ஓவர்கிளாக்:

அண்ணே, மரியாதையோடு ஒரு சந்தேகம். அவர் கேஸ் உயரமே இரண்டடி. அதற்கு 4 மீட்டர், 5 மீட்டர் ஹெட் எதற்கு? போர்வெல்லும் இதுவும் ஒன்றா?

இன்னொன்றும் படித்திருக்கிறேன். தண்ணீர் ரொம்ப வேகமாகப் போனால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காதாமே? அப்படியென்றால் பெரிய பம்பே கெடுதல்தானே. நானே இரண்டு பம்பு சொன்னவன்தான், இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

மேலூர்மோட்டார்:

நல்ல கேள்வி. போர்வெல்லில் ஹெட் என்பது இரண்டு செலவு. ஒன்று தண்ணீரை உயரத்துக்குத் தூக்குவது, இன்னொன்று பைப்பிலும் பெண்டிலும் வால்விலும் உரசி இழப்பது. இந்தக் கம்ப்யூட்டரில் தண்ணீர் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. ஏறுகிற தண்ணீரை இறங்குகிற தண்ணீர் இழுத்துக்கொள்ளும், கிணற்றுச் சகடையில் இரண்டு பக்கமும் வாளி கட்டின மாதிரி. அதனால் உயரச் செலவு கிடையாது. முழுச் செலவும் உரசலுக்குத்தான். அந்த உரசல் எங்கே அதிகம் என்பதை என்னைவிட இங்கே இருக்கிற பிள்ளைகள் சொல்லட்டும்.

சத்தம்வேண்டாம்:

அண்ணன் சொன்னதுக்குத் தொடர்ச்சி. உரசல் அதிகம் ப்ராசஸர் பிளாக்கில்தான், அதாவது சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பெட்டியில். அதன் செம்புத் தகட்டில் சீப்புப் பல்லைவிட மெல்லிய வரிகள் நெருக்கமாக இருக்கும், தண்ணீர் அந்த இடுக்குகளில் நுழைந்து வர வேண்டும். அடுத்தது ஜிபியூ பிளாக். ரேடியேட்டர்கள் பெரும்பாலும் லேசு. 90 டிகிரி ஃபிட்டிங்குகள் தனித்தனியாக அற்பம், பத்து சேர்ந்தால் தெரியும்.

"ஆற நேரம் கிடைக்காது" என்பது வருடா வருடம் வரும் கதை. மூடிய சுற்றில் தண்ணீர் வேகமாகப் போனால் ரேடியேட்டரை அடிக்கடி சுற்றி வரும், மொத்தத்தில் அது அங்கே இருக்கும் நேரம் மாறாது. உங்கள் லூப்பில் கால்வாசித் தண்ணீர் ரேடியேட்டருக்குள் இருந்தால், எந்த வேகத்திலும் கால்வாசிதான் அங்கே இருக்கும். வேகம் கூடினால் சூடு கடத்துவது கூடும், குறையாது. கூடுதல் வேகத்தால் வரும் கெடுதல் பம்பு தின்னும் கரண்ட் மட்டும்தான், அது பெரும்பாலும் தண்ணீரில் சூடாக இறங்கும். டி5 முழு வேகத்தில் 23 வாட் வரை எடுக்கும். இரண்டு போட்டால் 46. ப்ராசஸரும் ஜிபியூவும் சேர்ந்து தரும் உங்கள் 400 வாட் சூட்டுச் சுமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே நீங்களே காசு கொடுத்துச் சேர்க்கிறீர்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கக் கிட்டத்தட்ட 70 வாட் வேண்டும். 400 வாட் சுமை என்றால் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 5.7 டிகிரி வித்தியாசம். அதையே 4 லிட்டர் ஆக்கினால் 1.4 டிகிரி. 8 லிட்டர் ஆக்கினால் 0.7. முதல் தாவலில் நாலு டிகிரிக்கு மேல் கிடைக்கிறது, அடுத்த தாவலில் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டரைச் சுற்றி வந்துவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். அமெரிக்கக்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு கேலன் என்பார்கள், 3.8 லிட்டர்.

ஆக, இரண்டு பம்பு தண்ணீரை இரண்டு மடங்காக்காது. சீரிஸில் போட்டால் அழுத்தம் கூடும், ஓட்டம் ஒன்றரை மடங்குகூட வராது. பேரலல் (பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது) இன்னும் மோசம், ஒன்று நின்றால் மற்றதன் தண்ணீர் செத்த பம்பு வழியாகவே திரும்பி வந்துவிடும். உசிலைத் தம்பி சொன்ன பாதுகாப்புக் காரணத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அதுவும் சீரிஸுக்கு மட்டும்.

பழையபென்டியம்:

இந்தப் பேச்சைப் படித்ததும் 2003, 2004 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது டி5-ஐ யார் பார்த்தார்கள்? ஹெய்ம் என்று மீன்தொட்டிப் பம்பு, 1046, 1048, 1250 என்று மாடல்கள். 1048 மணிக்கு 600 லிட்டர், 10 வாட். எல்லாம் வீட்டுக் கரண்டில் ஓடுவது. வெளிநாட்டில் அதையே 12 வோல்டுக்கு மாற்றி விற்றார்கள். எனக்கு அதுவும் கிடைக்காமல் ஏர்கூலர் பம்பை வாளியில் போட்டு ஓட்டினேன். அந்தப் பம்புக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு, ஒரு நாள் வலது பக்கம் சுற்றிக் கிளம்பும், ஒரு நாள் இடது பக்கம். அந்த வகை காந்த மோட்டாருக்குத் திசை கிடையாது, அதனால்தான் இறக்கைகளை நேராக வைத்திருப்பான். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் கொர்ரென்று ஒரு உறுமல்.

எந்தத் தம்பியாவது இதைப் படித்துவிட்டுக் கூலர் பம்பு 300 ரூபாய்தானே என்று கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். 230 வோல்ட் ஒயர் தண்ணீருக்குள், அந்தத் தண்ணீர் செம்பு வழியாகக் கேஸ் முழுக்க. சீல் விட்டால் முதலில் தெரிவது உங்கள் கைக்கு. எனக்குத் தெரிந்தது. நான் மொட்டை மாடியில் அந்த வாளியைக் கவிழ்த்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

*(ஈஹெய்ம் என்று எழுத வேண்டும், ஹெய்ம் என்று தட்டிவிட்டேன்.)*

திருநகர்எடிட்டர்:

சோதனை முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதுதான் வேலை.

பவர் சப்ளையை மட்டும் வெளியே எடுத்து, 24 பின் பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு வளைத்த கம்பியால் இணைத்து, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். மதர்போர்டுக்கு எதுவும் போகவில்லை.

மாடிப்படி: வீட்டுக்காரம்மா கீழே சொம்போடு, நான் டியூப் நுனியோடு மேலே. எட்டாவது படி வரை ஏறிய தண்ணீர், அதற்கு மேல் டியூப்பை உயர்த்தினாலும் அங்கேயே நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டேப் வைத்தால் 7 அடி. 2.1 மீட்டர். டப்பாவில் 5 மீட்டர்.

குவளை: அரை லிட்டர் நிறைய 34 நொடி. மூன்று தடவை பார்த்தேன், 33, 34, 34. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 0.88 லிட்டர். மணிக்கு 53 லிட்டர். 800-க்கும் 53-க்கும் நடுவில் நான் மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஆக பம்பு வீக் என்பது உறுதி, இல்லையா? ஆர்டர் போடட்டுமா?

உசிலை_ஓவர்கிளாக்:

போடுங்கள் ப்ரோ, இன்னும் என்ன.

சத்தம்வேண்டாம்:

நில்லுங்கள். பம்பு சுமார்தான், பொய் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடமாக அது அதே பம்பு. போன வருடம் 78, இந்த வருடம் 88 என்றால் நடுவில் மாறியது என்ன?

2 மீட்டர் தள்ளும் பம்பு, இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டரில் 2 லிட்டராவது தர வேண்டும். நீங்கள் சொல்வது 0.88. அப்புறம் சூட்டுக் கணக்கு. ஓட்டக் குறைவால் தண்ணீர் உள்ளே வெளியே வித்தியாசம் ஆறேழு டிகிரி வரும், அதனால் ப்ராசஸருக்கு மூன்று நாலு டிகிரி பாதிப்பு இருக்கலாம். தண்ணீர் 45, ப்ராசஸர் 88, நடுவில் 43 டிகிரி. அந்தச் சிப்புக்கு 30, 32 இருந்தால் நியாயம். மிச்சம் ஏழெட்டு எங்கே போயிற்று?

ப்ராசஸர் பிளாக்கைத் திறந்து பாருங்கள். இப்போது சொல்லுங்கள், என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

திருநகர்எடிட்டர்:

முதலில் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்தான். அப்புறம் இரண்டு கோடையில் குறைந்தபோதெல்லாம்... வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன்.

மேலூர்மோட்டார்:

சரிதான்.

சத்தம்வேண்டாம்:

கேன் தண்ணீர் குடிக்க நல்லது. அதில் உப்பு குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை, சில இடங்களில் ருசிக்காகத் திரும்பச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே தங்கும், நீங்கள் மேலும் மேலும் ஊற்றுகிறீர்கள். டியூப் எந்த டியூப்?

திருநகர்எடிட்டர்:

ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் வெள்ளை டியூப். முதலில் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது பால் கலந்த மாதிரி இருக்கிறது.

திறந்துவிட்டேன். படம் ஏற்ற முடியவில்லை, வார்த்தையில் சொல்கிறேன். நாலு ஸ்க்ரூ கழற்றி மேல்மூடியைத் தூக்கியதும், வரிகளின் நடுப்பகுதியில், ஜெட் தகடு (தண்ணீரை வரிகளில் பீய்ச்சும் தகடு) உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, இட்லி மாவு காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம். விரலால் தொட்டால் பிசுக்கு. பல் குத்தும் குச்சியால் கீறினால் சுருண்டு வருகிறது. ஓரங்களில் வரி தெரிகிறது, நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மொத்தமாக மூடியிருக்கிறது. பச்சைக் களிம்பு இல்லை, செம்பு செம்பாகவே இருக்கிறது.

சத்தம்வேண்டாம்:

பிசுக்கு என்றால் உப்பு மட்டும் இல்லை. பிவிசி டியூப்பை வளைய வைப்பதற்குக் கலக்கும் பிளாஸ்டிசைசர், சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. தண்ணீரின் சூடு 45 என்றால் இன்னும் வேகம். டியூப் பால் நிறமானதும் அந்தக் கூட்டம்தான். பிளாக்கின் வரிகள் வடிகட்டி மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டன.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். வரியின் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். கம்பிப் பிரஷ், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம், நிக்கல் பூச்சு இருந்தால் உரியும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். ஜெட் தகட்டை இருந்த பக்கமே திருப்பி வையுங்கள், உள்வரும் வாய் எது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பலர் மாற்றி மாட்டிவிட்டு இன்னும் சூடாகிறது என்று இங்கே வந்து எழுதுவார்கள்.

டியூப் முழுக்க மாற்றுங்கள். அழகு முக்கியமில்லை என்றால் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர். அது பால் விடாது.

உசிலை_ஓவர்கிளாக்:

அழகு முக்கியமில்லையா? கண்ணாடிக் கேஸில் கறுப்பு ரப்பரா? ஆட்டோ ரேடியேட்டர் மாதிரி இருக்கும்.

பழையபென்டியம்:

ஆட்டோ ரேடியேட்டர் இருபது வருடம் ஓடும் தம்பி.

திருநகர்எடிட்டர்:

பிரஷ் போட்டுத் தேய்த்து, கறுப்பு டியூப் மாட்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மறுபடி குவளை. அரை லிட்டருக்கு 14 நொடி. நிமிடத்துக்கு 2.1 லிட்டர். அதே பம்பு!

இரவு முழுக்க ரெண்டர் விட்டேன். அறை 34, தண்ணீர் 43, ப்ராசஸர் 76. ஜிபியூ 59. ஒரு ரூபாய் பம்புக்குச் செலவழிக்காமல் 12 டிகிரி. அறை ஒரு டிகிரி குறைவு, அதைக் கழித்தால் 11.

உசிலை_ஓவர்கிளாக்:

அப்படியென்றால் பம்பு வேண்டாமா? இவ்வளவு தூரம் வந்துவிட்டு?

மேலூர்மோட்டார்:

என்னைக் கேட்டால் மாற்றத்தான் சொல்வேன், ஆனால் சூட்டுக்காக அல்ல. டப்பாவில் பாதிக்கு மேல் பொய் எழுதியவன் உள்ளே பேரிங்கை மட்டும் உண்மையாகப் போட்டிருப்பானா? அதில் ஆர்பிஎம் ஒயரும் இல்லை. நின்றால் உனக்குத் தெரியாது. போர்வெல் மோட்டாருக்கே டிரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) பாதுகாப்பு வைக்கிறோம், லட்ச ரூபாய் சாமானுக்கு வைக்க வேண்டாமா?

சத்தம்வேண்டாம்:

நானும் அதே கட்சி. ஒரு டி5, பிடபிள்யூஎம் வகை (மதர்போர்டிலிருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடியது). இரண்டு வேண்டாம். கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்:

பம்பின் கரண்டை பவர் சப்ளையின் சாட்டா அல்லது மோலக்ஸ் பிளக்கிலிருந்து நேரடியாக எடுங்கள். போர்டில் உள்ள சாதாரண ஃபேன் பின் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும், 23 வாட் பம்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் கேட்கும். போர்டுக்குப் போக வேண்டியது வேகக் கட்டளை ஒயரும் ஆர்பிஎம் ஒயரும் மட்டும். ஆர்பிஎம் ஒயரை சிபியூ ஃபேன் என்று எழுதியிருக்கும் பின்னில் மாட்டுங்கள். பூஜ்யம் காட்டினால் பயாஸ் கத்தும்.

தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும். இந்தப் பம்புகள் தானாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்காது, தண்ணீர் வந்து விழ வேண்டும். கேஸோடு நேராக ஸ்க்ரூ போட்டு முறுக்காமல் நடுவில் ரப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் கேஸே வீணை மாதிரி பாடும்.

முழு வேகம் தேவைப்படாது. டி5 சுமார் 1,800-லிருந்து 4,800 ஆர்பிஎம் வரை போகும். வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதி, அழுத்தம் கால், கரண்ட் ஏறக்குறைய எட்டில் ஒன்று. அதனால் 60, 65 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். சூட்டுக்குத் தகுந்த மாதிரி பம்பு வேகத்தை ஏற்றி இறக்கும் வேலை வேண்டாம், அதை ஃபேன்களுக்கு விடுங்கள்.

பழையபென்டியம்:

ஒன்று சேர்க்கிறேன். டி5 என்று பெயர் மட்டும் எழுதிய நகல்கள் சுற்றுகின்றன. அந்த விலைக்கு ஒரிஜினல் வராது என்று தெரிந்த விலையில் இருந்தால், அது ஒரிஜினல் இல்லை. வந்ததும் மாடிப்படியில் ஏற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ரிட்டர்ன் பண்ணும் நாள் முடிவதற்குள்!

திருநகர்எடிட்டர்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூன்று முகூர்த்தம்.

டி5 வந்தது, டாப்பும் தொட்டியும் சேர்த்து 13,000-க்குப் பக்கம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் மாடிப்படிதான். இந்தத் தடவை எட்டாவது படியைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மேல் மாடி வாசல் பக்கம் வரை வந்தது. 12 அடி. எழுதியிருந்ததற்குச் சரியாக இருக்கிறது. வீட்டுக்காரம்மா இந்தத் தடவை சொம்பைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார், பையனை ஊற்ற வைத்தேன்.

இப்போது முழு வேகத்தில் அரை லிட்டர் ஆறரை நொடி, 4.6 லிட்டர். 65 சதவீதத்தில் 9 நொடி, 3.3 லிட்டர். ரெண்டரில் அறை 35, தண்ணீர் 44, ப்ராசஸர் 75, ஜிபியூ 58. முழு வேகத்துக்கும் 65-க்கும் நடுவில் ஒரு டிகிரிகூட வரவில்லை, சத்தம்தான் வந்தது. 65-லேயே விட்டுவிட்டேன்.

ஆக 13,000 ரூபாய்க்கு இரண்டு டிகிரி, பல் பிரஷுக்குப் பதினொன்று. ஆனால் முதல் தடவையாக ஸ்கிரீனில் பம்பு வேகம் தெரிகிறது, ராத்திரி ரெண்டரை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். முன்பெல்லாம் இரண்டு மணிக்கு எழுந்து வந்து டியூப்பைத் தொட்டுப் பார்ப்பேன், அதிர்கிறதா என்று.

உசிலை_ஓவர்கிளாக்:

பழைய பம்பைக் கொடுக்கிறீர்களா ப்ரோ? நான் உசிலம்பட்டியிலிருந்து வந்து வாங்கிக்கொள்கிறேன். ப்ராசஸருக்கு மட்டும் சின்ன லூப் ஒன்று கட்டுகிறேன்.

திருநகர்எடிட்டர்:

இல்லை தம்பி. துடைத்து, காய வைத்து, டப்பாவில் போட்டுவிட்டேன். ஆவணி முகூர்த்தம் வரை அது ஸ்பேர். டப்பா மேல் 800-ஐ அடித்துவிட்டு "7 அடி" என்று எழுதியிருக்கிறேன்.